நெருப்பருகே அமர்வோரும் நெருப்பை வளர்ப்போரும்

பசி இயற்கையானது, பசியைத் தணிக்கும் முறையோ வரலாற்றுக்குரியது. பச்சை இறைச்சியைக் கையாற் பிய்த்துத் தின்று தணியும் பசியும், சமைத்த இறைச்சியைக் கத்தியும் முள்ளும் கொண்டு உண்டு தணியும் பசியும் ஒன்றல்ல என்னும் கருத்தைக் கார்ல் மார்க்ஸ் 1857-58ஆம் ஆண்டுகளில் எழுதிய குறிப்பேடுகளில் வெளியிட்டார். உண்ணப்படும் பொருள் மாத்திரமன்றி, உண்ணும் மனிதனும் உற்பத்தியினாலேயே உருவாக்கப்படுகின்றான் என்பது அதன் உட்பொருள். ஆகவே, ஒரு சமுதாயத்தின் அறநிலையை அறிய விரும்புவோர் அதன் நீதிமன்றங்களையும் வழிபாட்டிடங்களையும் மாத்திரமன்றி, அது உண்ணும் இடங்களையும் உற்றுநோக்குதல் வேண்டும். யார் அமர்ந்திருக்கின்றனர், யார் நின்று பணிபுரிகின்றனர், யார் கண்ணுக்கே தென்படாது இருக்கின்றனர் என்னும் மூன்று வினாக்களுக்கும் அங்கே விடை கிடைக்கும்.

இக்காலப் பெருநகரங்களிலே செல்வர் விரும்பிச் செல்லும் உணவுச்சாலைகளுள் ஒருவகையை இவ்விசாரணைக்கு எடுத்துக்கொள்வோம். அது யப்பானிய 'ரொபாத்தாயாக்கி' முறையிலமைந்த சுட்டுணவுச் சாலை. 'ரொபாத்தா' என்பது அடுப்போரத்தைக் குறிக்கும். 'யாக்கி' என்பது சுடுதலைக் குறிக்கும். நடுவிலே தணல் கனன்றுகொண்டிருக்கும். அதைச் சுற்றிப் பருத்த மரப்பலகையாலான மேடை. அதன் ஒருபுறத்தே விருந்தினர் அமர்வர். மறுபுறத்தே சமையலாளர் முழந்தாளிட்டோ நின்றோ மீனையும் இறைச்சியையும் காளானையும் கத்தரிக்காயையும் சுடுவர். வருவோரை உரத்த குரலில் வரவேற்பர். கேட்ட உணவின் பெயரை எல்லோரும் சேர்ந்து திருப்பிக் கூவுவர். சுட்டதை நீண்ட மரத்துடுப்பில் வைத்து விருந்தினர் கையெட்டும் இடத்துக்கு நீட்டுவர். இவ்வாறு நீட்டுதல் யப்பானில் இம்முறையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. யப்பானுக்கு வெளியே இம்முறைக்கு நாகரிகப் பொலிவூட்டிய சாலைகளுள் முதன்மையானவை இலண்டனில் 2002இல் தொடங்கிய 'சூமா'வும் 2004இல் தொடங்கிய 'ரோக்கா'வும் ஆகும். பின்னர் ஹொங்கொங், துபாய் முதலிய வணிக நகரங்களுக்கும் இவ்வகை பரவியது.

இவ்வுணவு சுவையற்றது என்றோ, அதனைச் சுவைப்போர் யாவரும் தீயோர் என்றோ கூறுதல் எமது நோக்கமன்று. நன்கு கனன்ற கரியின்மீது உப்பு மாத்திரம் தூவிச் சுட்ட மீனின் சுவை, மனிதன் நெருப்பைக் கண்டறிந்த நாள்தொட்டு அவனுடன் வந்த சுவை. எமது வினா வேறு. எளியோரின் அடுப்படியாகப் பிறந்த ஒன்று, எளியோர் அணுகமுடியாத இடமாக மாறும்பொழுது அங்கே நிகழ்வது யாது? அங்கே அமர்ந்து உண்ணும் மனிதன், தன் உணவின் பின்னாலுள்ள மனிதர்க்கு எத்தகைய கடப்பாடு உடையவன்? விலையைச் செலுத்தியதோடு அக்கடப்பாடு தீர்ந்துவிடுகின்றதா?

முதலில் அடுப்பின் வரலாற்றைப் பார்ப்போம். யப்பானியக் கிராம வீடுகளின் நடுவே நிலத்தைச் சதுரமாகத் தாழ்த்திச் சாம்பல் நிரப்பி அமைக்கப்பட்ட அடுப்பு 'இரோரி' எனப்பட்டது. சமையலும் குளிர்காய்தலும் கைத்தொழிலும் உரையாடலும் அதனருகே நடந்தன. இன்றைய உணவுச்சாலைகள் இந்த இரோரியைச் சமத்துவத்தின் சின்னமாகக் காட்டுகின்றன. நெருப்பைச் சுற்றி அமர்ந்தோர் யாவரும் ஒரு குடும்பம் என்கின்றன. உண்மை அத்துணை இனிமையானதன்று. அடுப்பின் நான்கு பக்கங்களுக்கும் நான்கு பெயர்கள் இருந்தன. உட்பக்கத்து 'யொக்கோசா' குடும்பத் தலைவனுக்குரியது. 'காக்காசா' அவன் மனைவிக்குரியது. 'கியாக்குசா' விருந்தினர்க்கு. விறகுக்கட்டைகளின் அடிப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் நான்காம் பக்கமாகிய 'கிஜிரி' மருமகளுக்கும் வேலையாட்களுக்கும் உரியது. நெருப்பு ஒன்றே, ஆயினும் இருக்கை நான்கு. ஆகவே, பழைய கிராமத்தின் அடுப்படியில் இழந்துபோன பொற்காலம் ஒன்று இருந்தது என்று மயங்குவது முற்போக்காளர்க்கு ஏற்றதன்று.

இவ்வடுப்பு எவ்வாறு கடைக்குள் வந்தது? கடற்றொழிலாளர் படகிலே மீன் சுட்டுத் துடுப்பின்மீது வைத்து ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்ட வழக்கமே இதன் தோற்றுவாய் என்னும் கதையை உணவுச்சாலைகள் பரப்புகின்றன. கதை அழகானது. ஆனால் 'ரொபாத்தா' என்னும் பெயருடன் 1950ஆம் ஆண்டில் செண்டாய் நகரில் முதற்கடையைத் திறந்தவர் கடற்றொழிலாளரல்லர். அரிசிமது வடிக்கும் வணிகக் குடும்பத்திற் பிறந்து, நாட்டார் கலைகளையும் மரப்பாவைகளையும் சிறுவர் பாடல்களையும் தேடித் தொகுத்த அமாயே தொமியா என்னும் கற்றறிந்த நகரவாசி அவர். பின்னர் வடக்கே ஹொக்கைடோவின் குஷிரோத் துறைமுகத்தில் அம்முறை மீன் சுடும் முறையாக வேரூன்றியது. எனவே தொடக்கத்திலேயே அது ஒரு நினைவின் மறுபடைப்பு. மறைந்துகொண்டிருந்த வாழ்க்கையொன்றை நகரத்தார் மீட்டுப் பார்த்த முயற்சி.

அந்நினைவுக்கு நகரங்களிலே பசி இருந்தமைக்குக் காரணமும் இருந்தது. போருக்குப் பிந்திய நிலச்சீர்திருத்தத்தினால், குத்தகை நிலம் மொத்தப் பயிர்நிலத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 46இலிருந்து 10 அளவுக்குக் குறைந்தது. உழுதவன் நிலம் பெற்றான். ஆனால் அவன் பிள்ளைகள் யாவர்க்கும் அந்நிலம் போதவில்லை. 1954 தொடக்கம் அவோமோரி முதலிய வடமாவட்டங்களிலிருந்து இடைநிலைப் பாடசாலையை முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளைத் தொகுதி தொகுதியாக ஏற்றிக்கொண்டு தனிப் புகைவண்டிகள் டோக்கியோவின் உவேனோ நிலையத்தை நோக்கி ஓடின. தொழிற்சாலை முதலாளிகள் அப்பிள்ளைகளுக்குப் 'பொன்முட்டைகள்' என்று பெயரிட்டனர். முட்டைக்கு விலை உண்டு. முட்டையிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை. ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்டோர் நிறைந்த நகரத்திலே ஊரின் அடுப்பு விற்பனைக்கு வந்தது. டோக்கியோவின் ரொப்பொங்கிப் பகுதியில் புகழ்பெற்ற இத்தகைய சாலையொன்றின் பெயரே 'நாட்டுப்புற வீடு' என்று பொருள்படும். மனிதனிடமிருந்து ஒன்றைப் பறித்தபின், அதன் சாயலை அவனுக்கே விற்பது முதலாளித்துவத்தின் நெடுநாள் வழக்கம். இலண்டனுக்கும் துபாய்க்கும் வந்தபொழுது அந்தச் சாயலும் வேறு கைக்குப் போயிற்று. ஊரை இழந்தவன் அங்கு வருவதில்லை. எந்த ஊரையும் வாங்க வல்லவனே வருகின்றான்.

இனி, அத்திறந்த அடுப்பு எதைக் காட்டுகின்றது, எதை மறைக்கின்றது என்று நோக்குவோம். இவ்வகைச் சாலையின் பெருமை அதன் வெளிப்படைத்தன்மை எனப்படுகின்றது. சமையலறை மறைவிலில்லை, எல்லாம் கண்முன்னே நிகழ்கின்றன என்கின்றனர். ஆயின், கண்முன்னே நிகழ்வது ஒரு நெடிய உழைப்புத் தொடரின் இறுதிக் கால்மணி நேரம் மாத்திரமே. அக்கால்மணி நேரம் அத்துணை ஒளியுடன் காட்டப்படுவதாலேயே, அதற்கு முந்திய மாதங்களும் ஆண்டுகளும் இருளில் அமிழ்ந்துவிடுகின்றன. மறைவான சமையலறை, தன்னுள் ஏதோ மறைந்துள்ளது என்பதையாவது உணர்த்தும். திறந்த அடுப்போ எல்லாவற்றையும் கண்டுவிட்டோம் என்னும் மனநிறைவைத் தந்து, கேட்க வேண்டிய வினாவையே எழாமற் செய்துவிடுகின்றது.

கரியை எடுத்துக்கொள்வோம். சிறந்த சாலைகள் 'பிஞ்சோத்தான்' என்னும் வெண்கரியைப் பயன்படுத்துவதைப் பெருமையாகக் கூறும். இதனுட் புகழ்பெற்றது வக்காயாமா மாவட்ட மலைகளில் உபாமே என்னும் கருவாலி வகை மரத்தைச் சூளையிலிட்டுச் செய்யப்படுவது. பச்சை மரத்தைப் பல நாட்கள் மெல்லக் கருகவிட்டு, இறுதியிற் காற்றைப் புகவிட்டு ஏறத்தாழ 1000 பாகை செல்சியசு வெப்பத்துக்கு உயர்த்தி, தகதகக்கும் கரியை வெளியே இழுத்துச் சாம்பலும் மண்ணும் கலந்த கலவையால் மூடி அணைப்பர். ஒன்றோடொன்று தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும் அக்கரி புகையின்றி நெடுநேரம் கனலும். விருந்தினரின் பட்டாடையில் புகைநாற்றம் படியாமைக்குக் காரணம் யாதெனில், புகை முழுவதும் மலையிலே கரிசுடுவோனின் முகத்தில் ஏற்கெனவே படிந்துவிட்டது என்பதே. அன்று கிஜிரியில் அமர்ந்த மருமகளின் இடம் இன்று மலைச்சரிவுக்குப் பெயர்ந்திருக்கின்றது. மேலும் ஒன்று கவனிக்கத்தக்கது. அக்கரிக்குப் 'பிஞ்சோத்தான்' என்னும் பெயர், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தனாபே நகரில் அதனை விற்ற பிச்சூயா சோசாயெமொன் என்னும் வணிகரிடமிருந்து வந்தது. சுட்டவன் பெயர் மறைந்தது. விற்றவன் பெயர் நின்றது.

இறைச்சியை எடுத்துக்கொள்வோம். தசையினூடே வெண்ணிறக் கொழுப்புப் பளிங்குக் கோடுகள்போல் ஓடும் 'வாகியு' மாட்டிறைச்சி இச்சாலைகளின் தலைசிறந்த பண்டம். அம்மாடு கன்றாகவே ஒரு பண்ணையில் வளர்ந்து, ஏறத்தாழ ஒன்பது பத்து மாதங்களில் ஏலத்தில் விற்கப்பட்டு, பிறிதொரு பண்ணையிற் கொழுக்கவைக்கப்பட்டு, முப்பது மாத அளவில் கொல்களத்தை அடைகின்றது. அது உண்ணும் தீவனத்தின் பெரும்பகுதி கடல்கடந்து வரும் சோளம் முதலிய தானியம். தன் மக்கள் உண்ணும் உணவின் கலோரியில் நூற்றுக்கு 38 பங்கையே 2023ஆம் நிதியாண்டில் தானே விளைவித்த ஒரு நாடு, பிறநாட்டுத் தானியத்தை மாட்டின் கொழுப்பாக மாற்றி உலகச் செல்வர்க்கு விற்கின்றது.

அதனினும் ஆழமானது கொல்களத்தின் கதை. யப்பானில் கால்நடை இறைச்சியைத் தடுக்கும் அரச ஆணை 675ஆம் ஆண்டிலேயே பிறந்தது. பௌத்தத்தின் பெயராலும் தூய்மையின் பெயராலும், மாடறுப்போரும் தோல் பதனிடுவோரும் தலைமுறை தலைமுறையாகத் தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்டனர். 1871இல் அவ்விழிபெயர்கள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. 1872இல் மெய்ஜிப் பேரரசர் மாட்டிறைச்சி உண்டார் என்னும் செய்தி நாடெங்கும் பரப்பப்பட்டது. உண்ணுதல் நாகரிகத்தின் அடையாளமாயிற்று. ஆனால் உண்பது உயர்ந்தபொழுது அறுப்பது உயரவில்லை. எனவேதான் 1922 மார்ச் 3ஆம் நாள் கியோத்தோவில் அம்மக்கள் ஒன்றுகூடிச் 'சுயிஹெய்ஷா' என்னும் சமநிலைச் சங்கத்தை நிறுவி, தம் மானத்தைத் தாமே மீட்கப் புறப்பட்டனர். அப்போராட்டம் முற்றுப்பெற்றுவிடவில்லை. டோக்கியோவின் ஷிபாவுரா இறைச்சிச் சந்தையிலுள்ள தகவற் கூடத்தில், அங்கு பணிபுரிவோரை இழித்துரைத்து வந்த கடிதங்களே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. தட்டிலே வரும் இறைச்சிக்குத் தரச்சான்று உண்டு. மாட்டின் வம்சாவளியையும் தருவார்கள். அதனை அறுத்த மனிதனின் வம்சாவளியைத் தேடியவர்களோ அவனுக்குப் பெண் கொடுக்க மறுப்பதற்காகவே தேடினார்கள்.

நண்டையும் மீனையும் எடுத்துக்கொண்டால், யப்பானிய இலக்கியமே எமக்கு வழிகாட்டும். கொபாயாஷி தக்கிஜி 1929இல் எழுதிய 'நண்டுக் கப்பல்' என்னும் நாவல், ஹக்கோடாத்தேயிலிருந்து கம்சாத்காக் கடலுக்குச் சென்று நண்டைப் பிடித்துத் தகரப்பேணியில் அடைக்கும் மிதக்கும் தொழிற்சாலையைச் சித்திரித்தது. அது தொழிற்சாலையாதலால் கப்பற் சட்டம் அதனைக் கட்டுப்படுத்தாது. கடலில் மிதப்பதால் தொழிற்சாலைச் சட்டமும் அதனை அணுகாது. இரு சட்டங்களுக்கிடையே மனிதர் நசுக்கப்பட்டனர். 1933 பெப்ரவரி 20ஆம் நாள் கொபாயாஷி காவற்றுறையினரின் சித்திரவதையால் உயிர்நீத்தார். அந்நாவல் 2008ஆம் ஆண்டில் யப்பானிய இளைஞரிடையே மீண்டும் இலட்சக்கணக்கில் விற்பனையானது. நிரந்தரமற்ற வேலையில் உழன்ற ஒரு தலைமுறை அதிலே தன் முகத்தைக் கண்டது. சட்டங்களுக்கிடையே மனிதரை நிறுத்தும் கலையும் மறையவில்லை. வளர்முக நாடுகளுக்குத் தொழினுட்பம் கற்பிப்பதாகக் கூறி 1993இல் தொடங்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின்கீழ், அயல்நாட்டு இளைஞர் மீன் பதனிடும் நிலையங்களிலும் தோட்டங்களிலும் உழைத்தனர். அவர்கள் பெயரளவிற் பயிலுநர். ஆதலால் வேலைகொள்வோனை விட்டு வேறிடம் மாறும் உரிமை பொதுவாக மறுக்கப்பட்டது. கண்டனங்கள் பெருகியபின், 2027ஆம் ஆண்டளவில் அத்திட்டத்தின் இடத்தில் புதிய முறையொன்றைக் கொணரும் சட்டம் 2024 யூனில் நிறைவேறியது.

சாலையின் உள்ளேயும் இதே கதையே. மேடையருகே நின்று கூவும் சமையலாளனை விருந்தினர் காண்பர். பின்கட்டிலே பாத்திரம் கழுவுபவனைக் காணார். பிரித்தானியாவில் 2025 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படியான குறைந்த கூலி, 21 வயதும் அதற்கு மேலும் உடையோருக்கு மணிக்கு 12.21 பவுணாக இருந்தது. அக்கூலிப்படி எட்டு மணிநேரம் கழுவினால் கிடைத்தது நூறு பவுணுக்குச் சற்றுக் குறைவே. வாகியுவும் மதுவும் அடங்கிய ஒருவேளை உணவு ஒரு விருந்தினர்க்கு அத்தொகையை எளிதில் விஞ்சும். விருந்தினர் மனமுவந்து அளிக்கும் சேவைப்பணத்தை முதலாளி எடுத்துக்கொள்வதைத் தடுத்து, அது முழுவதும் தொழிலாளரையே சேரவேண்டும் என்னும் சட்டம் 2023இல் இயற்றப்பட்டு, 2024 ஒக்டோபர் 1ஆம் நாளே நடைமுறைக்கு வந்தது. நன்றியறிதலுக்குக்கூடச் சட்டக்காவல் தேவைப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

இவற்றையெல்லாம் அறிந்தபின் உண்பவனின் கடமை யாது? இவ்வினாவுக்குப் பொதுவாக மூன்று விடைகள் கூறப்படுகின்றன.

முதலாவது வணிகனின் விடை: நான் விலை கொடுத்தேன், விற்போர் விரும்பி விற்றனர், பலருக்கு வேலையும் கிடைத்தது, இதிலே அநீதி எங்கே என்பது. வேலை கிடைத்தது உண்மை. அதனை அலட்சியம் செய்வோர் வயிறு நிறைந்தவர்களே. ஆனால் இவ்விடை, விலை என்பது இரு மனிதர்க்கிடையிலான உறவு முழுவதையும் தீர்த்துவிடும் என்று கொள்கின்றது. வேலைகொள்வோனை மாற்ற முடியாதவன் விரும்பி விற்கின்றானா? பிறப்பினால் இழிந்தவன் என்று கடிதம் பெறுபவனுக்கு எந்த விலை ஈடாகும்? பணம் பண்டத்துக்கு ஈடாகலாம். மதிப்பு மறுக்கப்பட்டதற்கு அது ஈடாகாது.

இரண்டாவது துறவியின் விடை: இவ்வுணவைத் துறந்துவிடு என்பது. துலா நகரின் கொல்களத்தை நேரிற் கண்ட டால்ஸ்டாய், 'முதற்படி' என்னும் கட்டுரையில், நல்வாழ்வை நாடுவோன் உணவடக்கத்திலேயே தொடங்குதல் வேண்டும் என்று வாதித்தார். எமது காலத்தில், கிழக்கு வங்காள அகதிகளின் துயரை முன்னிட்டு 1971இல் எழுதி 1972இல் வெளியிட்ட கட்டுரையில், பீற்றர் சிங்கர் இதனை மேலும் கூர்மையாக்கினார். கண்ணெதிரே குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பதற்கு உடை நனைவதைப் பொருட்படுத்தாதவன், தொலைவிலே பட்டினியால் மடியும் குழந்தைக்காக ஆடம்பரச் செலவைத் துறவாதிருப்பது எவ்வாறு பொருந்தும் என்பது அவர் வினா. இவ்வினாவைச் சிரித்துத் தள்ளுவோர் நேர்மையற்றோர். தூரம் அறத்தைக் குறைக்காது என்பதை நாம் முற்றாக ஏற்கின்றோம். ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். குழந்தை தவறிக் குளத்தில் விழுந்தது எனக் கொள்ளும் உவமை, குழந்தைகளைக் குளத்திலே தள்ளும் கையைப்பற்றிப் பேசுவதில்லை. நான் உண்ணாது விட்ட தட்டிலே வேறொருவர் உண்பார். கரிசுடுவோனின் கூலி ஒரு சதமும் உயராது. துறவு துறந்தவனைத் தூயவனாக்கலாம். உறவுகளை அது மாற்றுவதில்லை.

மூன்றாவது கலைஞனின் விடை: சுவை ஒரு கலை, கலையை அரசியற் கணக்கால் அளவிடுதல் முரட்டுத்தனம் என்பது. இவ்விடையில் ஓர் உண்மை உண்டு. மனிதரின் புலன்கள் நுண்மையடைவது மனித வரலாறு முழுவதன் உழைப்பினால் என்பதை மார்க்ஸ் தம் இளமையில், 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளிலேயே எடுத்துக்காட்டினார். உழைப்பாளி வறட்டு ரொட்டியோடு நிறைவடைய வேண்டும் என்று சோஷலிசம் ஒருநாளும் கூறியதில்லை. ஆனால் இவ்வுண்மையே கலைஞனின் விடைக்கு எதிராகத் திரும்புகின்றது. சுவை மனிதகுலம் முழுவதன் உழைப்பிற் பிறந்ததாயின், அது மனிதகுலம் முழுவதன் உடைமையுமாகும். அதனைச் சிலரின் மேடைக்குள் பூட்டிவைத்துவிட்டுக் கலை கலை என்று கூறுவோர், கலையின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்துவிட்டு அதன் சொத்தை மட்டும் அனுபவிப்போரே.

ஆயின் எமது விடை யாது? உண்பதே குற்றமன்று, உண்பவன் அறியாதிருக்கச் சம்மதிப்பதே முதற்குற்றம். யப்பானிய எழுத்தாளர் மியாசாவா கெஞ்சி 1924இல் வெளியிட்ட கதையொன்று இங்கே நினைவுக்கு வருகின்றது. ஆங்கிலேயப் படைவீரர்போல் உடுத்து வேட்டைக்கு வந்த இரு செல்வ இளைஞர், மலையிலே ஓர் உணவுச்சாலையைக் காண்கின்றனர். ஒவ்வொரு கதவிலும் ஒரு கட்டளை எழுதப்பட்டிருக்கின்றது: தலைவாருக, துப்பாக்கியை வைத்துவிடுக, உடலிற் பாலாடை பூசுக என்றவாறு. உயர்ந்த இடத்தின் ஒழுங்கு என்று எண்ணி மகிழ்வுடன் கீழ்ப்படிந்து செல்லும் அவர்கள், உப்பைத் தேய்த்துக்கொள்ளச் சொல்லும்பொழுதுதான் தாமே உணவாகச் சமைக்கப்படுவதை உணர்கின்றனர். கட்டளையிடுவோன் தானே என்று எண்ணும் மனிதனும் ஒரு கையால் ஆயத்தஞ் செய்யப்படுகின்றான் என்பது இக்கதையிலிருந்து நாம் கொள்ளத்தக்க படிப்பினை. சிறப்புணவுச் சாலை உணவை மாத்திரம் ஆக்குவதில்லை, உண்பவனையும் ஆக்குகின்றது. வினவாதிருத்தலே பண்பு என்று அவனுக்குக் கற்பிக்கின்றது. சுவைக்கு நாக்கைக் கூர்மையாக்கி, மனிதருக்குக் கண்ணை மழுங்கச் செய்கின்றது. உண்பவன் இழப்பது இங்கேதான்.

அறிதல் மாத்திரம் போதுமா? போதாது. அறிந்தபின் இருக்கைக்கான வினாவை எழுப்புதல் வேண்டும். இதனை எமது மண் தன் அநுபவத்தால் அறியும். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலே ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் கொடுத்த காலம் இருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததனால் இருக்கை வந்துவிடவில்லை. 1960களின் பிற்பகுதியில் மக்கள் திரண்டு தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களை நடத்தி, உயிர்களையும் ஈந்த பின்னரே கதவுகள் திறந்தன. ரொபாத்தா மேடையின் துடுப்பையும் எமது சிரட்டையையும் ஒன்றெனக் கூறுதல் பிழை. துடுப்பிலே தீட்டு இல்லை. ஆனால் இரு இடத்தும் எழும் வினா ஒன்றே: உணவை ஆக்கும் உழைப்பில் பங்குடையவனுக்கு, அவ்வுணவின் முன் அமரும் உரிமை உண்டா? அன்று சாதி மறித்தது. இன்று விலை மறிக்கின்றது. சாதியின் மறிப்பை அநீதி என்று கண்டுகொண்ட நாம், விலையின் மறிப்பை இயற்கை என்று எண்ணப் பழகிவிட்டோம்.

வேறு வகையான உணவுமேசையும் யப்பானிலேயே உண்டு. 2012இல் டோக்கியோவின் ஓத்தா வட்டாரத்தில் காய்கறிக் கடை நடத்திய ஒரு பெண்மணி, வீட்டில் நல்லுணவு கிடையாத பிள்ளைகளுக்காகச் 'சிறுவர் உணவுச்சாலை' ஒன்றைத் தொடங்கினார். பிள்ளைகள் தனியே வரலாம்; இலவசமாகவோ சிறுதொகைக்கோ உண்ணலாம்; அயலார் சமைத்து, உடனிருந்து உண்பர். 2024இல் அத்தகைய சாலைகளின் தொகை நாடெங்கும் பத்தாயிரத்தைக் கடந்தது. இது மகிழ்ச்சிக்குரியது, வெட்கத்துக்குமுரியது. 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி அச்செல்வ நாட்டிலே நூற்றுக்கு 11.5 பிள்ளைகள் வறுமையில் இருந்தனர். ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை! அயலாரின் அன்பு அரசின் கடமைக்குப் பதிலாகிவிடலாகாது. எனினும் ஒன்றை அச்சாலைகள் மெய்ப்பித்துவிட்டன. நெருப்பைச் சுற்றி அமர்தல் என்பது விலைகொடுத்து வாங்கும் பழமை நினைவன்று. இன்றும் ஆக்கக்கூடிய சமுதாய உறவு. சமைப்பவரும் உண்பவரும் ஒரே மேசையில் அமரும்பொழுது, நீண்ட துடுப்பு தேவைப்படுவதில்லை.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதிற் செய்வதற்கு யாதுண்டு? மிகுதியும் உண்டு. பாடப்புத்தகத்தில் யப்பானின் 'பொருளாதார அற்புதத்தை'ப் படிப்பிக்கும் ஆசிரியர், உவேனோ நிலையத்தில் இறங்கிய பதினைந்து வயதுப் பிள்ளைகளையும் அதே பாடத்திற் சேர்த்துக் கூறலாம். கல்வி முடிந்தபின் கொழும்பிலோ கடல்கடந்தோ உணவுச்சாலைகளிலும் விடுதிகளிலும் தொழில்புரியப்போகும் மாணவர், கூலிச்சட்டத்தையும் தொழிற்சங்க உரிமையையும் தேர்வுக்குரிய பாடத்தைப்போல் ஊன்றிக் கற்கலாம். விருந்தினராக அமர நேரும்பொழுதும் வாயைத் திறந்து கேட்கலாம்: சேவைப்பணம் யாரைச் சேர்கின்றது? பின்கட்டில் உழைப்போர்க்குச் சங்கம் உண்டா? அவர்கள் என்ன உண்கின்றனர்? இவ்வினாக்கள் விருந்தின் இன்பத்தைக் கெடுக்கும் என்பர் சிலர். வினாவினாற் கெடும் இன்பம், மறைப்பினால் மட்டுமே வாழ்ந்த இன்பமாகும்.

மனிதன் நெருப்பைத் தனியே காத்திருக்க முடியாது. ஒருவன் விறகு தேட, ஒருத்தி ஊதி வளர்க்க, ஒருவன் இரவிலே விழித்திருந்து காக்க, அது அணையாது நின்றது. எனவே நெருப்பே மனிதனின் முதற் பொதுவுடைமை. அதனைச் சுற்றி இருக்கைகளை வகுத்தது வரலாறு. ஆகையால் அவ்விருக்கைகளை மாற்றியமைக்கவும் வரலாற்றால் முடியும். நெருப்பை வளர்ப்போர் நெருப்பருகே அமரும் நாளிலே, சுட்ட மீனின் சுவை சற்றும் குறைந்துவிடாது. அன்றுதான் அது முழுச்சுவை பெறும்.